நான் என்னையே இழுக்கிறேன்

திண்டிவனம்
12.11.1994

சேசு மரி சூசை

அடியே அமலு,

மாதா தயவுல நானும் அப்பாவும் நல்லா இருக்கோம். மழை ஆரம்பிச்சதுல அப்பாவுக்கு முட்டிவலி ஜாஸ்தி, ஆனாலும் விடியக்காலைப் பூசைக்குப் போறத நிறுத்த மாட்டேங்கிறாரு. ஊர் பூரா ஞானோபதேசம் சொல்லிக் குடுத்த உபதேசியார் ஆச்சே! விழுப்புரத்துல நீ, உன் வீட்டுக்காரர், உன் மாமியா வெள்ளையம்மாள், என் தங்கம் ஆர்த்தி எல்லாரும் சுகமா?

ஒரு உதவி வேணும்டி. போன வாரம் எங்களுக்கு ட்ரெய்னிங் வச்சாங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு அறிவியல வாயால சொல்லாம, கையால செய்ய வச்சு சொல்லிக் குடுக்கணுமாம். எனக்கு ரெண்டாம் வகுப்புக்கு வந்த பாடம் விசை. தள்ளுறது, இழுக்கறது, உருட்டறது, நிறுத்தறது. கேக்கறப்ப நல்லாத்தான் இருந்துது. வகுப்புல போய் "கதவைத் திறக்க என்ன செய்யணும்?"னு கேட்டா, மொத்தப் பிள்ளைங்களும் ஒரே குரல்ல "தள்ளணும் டீச்சர்"னு கத்துதுங்க. ஒண்ணு கத்தினா எல்லாம் கத்துது. எது புரிஞ்சு சொல்லுது, எது பக்கத்துப் பிள்ளை வாயப் பாத்து சொல்லுதுன்னு எனக்கே தெரியல.

அதான், ஒரே ஒரு பிள்ளைகிட்ட முன்னாடியே செஞ்சு பாத்துட்டா தைரியமா வகுப்புக்குப் போவேன். எனக்கு ஏது பிள்ளை? உன் பிள்ளைதான் என் பிள்ளை. கைக்குழந்தையா பஸ் ஸ்டாண்டுல பாத்தது. இப்ப ஆறு வயசு ஆயிருக்குமே! வீட்டுல யார் யார் எதைத் தள்ளுறாங்க, எதை இழுக்கறாங்கன்னு அவளக் கேளு. அவ சொல்றத அப்படியே எழுது. நீ திருத்தாத.

நேர்ல வந்தே கேட்டிருப்பேன். நீ முருகையனக் கட்டிக்கினு போன அன்னிக்கு, அப்பா என்னை மாதா படத்துல கைய வைக்கச் சொல்லி, "அவ வாசப்படி மிதிக்க மாட்டேன்"னு சத்தியம் வாங்கிட்டாரே. லெட்டர் போட மாட்டேன்னு நான் சொல்லல பாரு! பதில ஸ்கூல் விலாசத்துக்கே போடு.

உன் அக்கா,
இருதயமேரி


விழுப்புரம்
25.11.1994

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். உன் சுகமும் அப்பா சுகமும் தெரிஞ்சதுல சந்தோஷம். முட்டிக்கு நல்லெண்ணெய காய்ச்சித் தேய்க்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத.

இவருக்கு மல்லாட்டை மண்டியில வேலை ஜாஸ்தி. மழையில நனையாம கடலை மூட்டைய எல்லாம் உள்ள ஏத்தணும்னு ராவெல்லாம் அங்கியேதான்.

ஆர்த்தியக் கேட்டேன். அவ சொன்னது:

அப்பா சைக்கிளத் தள்ளிக்கினு வருது. பஞ்சர். ஆயா முறத்துல இருந்து கல்லத் தள்ளுது. அம்மா குழாயடியில எல்லாரையும் தள்ளுது. (உண்மைதான், தண்ணி வர்றதே அரை மணிநேரம்.) பூனை என் பாவாடைய இழுக்குது. நான் என்னையே இழுக்கிறேன்.

அவ்வளவுதான். நீ திருத்தாதன்னு சொன்னதால அப்படியே எழுதிட்டேன்.

அன்புத் தங்கை,
அமலோற்பவம்


திண்டிவனம்
10.12.1994

சேசு மரி சூசை

என் அமலுவுக்கு,

சுகம், சுகம். திருவருகைக் காலம் வந்துட்டதால அப்பாவக் கையில பிடிக்க முடியல. கிறிஸ்மஸ் குடில் கட்ட வைக்கோல் தேடிக்கினு அலையிறாரு.

அடி, உன் பொண்ணு என்னா பிள்ளைடி! "நான் என்னையே இழுக்கிறேன்"னு சொல்றதுக்கு எந்தப் பெரிய மனுஷனுக்கு வாய் வரும்? ட்ரெய்னிங் குடுத்த சார்கிட்ட படிச்சுக் காட்டினேன். அவரு ரெண்டு தரம் படிக்கச் சொன்னாரு. என் வகுப்புலயும் சொன்னேன். அன்னில இருந்து ஒவ்வொண்ணும் தன் சட்டையப் பிடிச்சுத் தானே இழுத்துக்கினு சிரிக்குதுங்க. ஜெர்லின்னு ஒரு வாயாடி, "ஆர்த்தி எப்ப டீச்சர் வருவா?"ன்னு தினம் கேக்குது.

அடுத்தது இது. ஒரு தகர டப்பாவுல கூழாங்கல்லு போட்டு, அதுல ரப்பர் பேண்டு மாட்டி இழுக்கச் சொல்லு. சிமென்ட் தரை, சாணி மெழுகின தரை, பாய், மணல். எங்க சுலுவா வருது, எங்க ரப்பர் ஜாஸ்தி நீளுதுன்னு பாக்கட்டும். இழுக்கறதுக்கு முன்னாடியே "நீ என்ன நெனைக்கிற?"ன்னு கேட்டுடு. அதுதான் முக்கியம்.

ஆமா, எந்த ஸ்கூல்ல போட்டிருக்க? நீ எழுதவே இல்லியே. நல்லா இல்லன்னா ஜூன்ல என்கிட்ட விட்டுடு. எங்க ஸ்கூல் சிஸ்டர்கிட்ட சொல்லி வச்சுட்டேன். அப்பாவ நான் பாத்துக்கறேன்.

கிறிஸ்மஸ்க்கு நீ பக்கத்துக் கோயிலுக்காவது போய்ட்டு வா. முருகையன் ஒண்ணும் சொல்ல மாட்டாருன்னு எனக்குத் தெரியும்.

உன் அக்கா,
இருதயமேரி


விழுப்புரம்
9.1.1995

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷ வாழ்த்து. ராத்திரிப் பூசைக்கு இவரே சைக்கிள்ல வச்சு கூட்டிக்கினு போய், வெளியில நின்னு கூட்டிக்கினு வந்தாரு. உங்க குடில் நல்லா அமைஞ்சுதா?

டப்பா வேலை முடிஞ்சுது. ஆனா அவ இழுக்கறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் வரிசையா சொல்லிட்டா. அப்புறம் இழுத்துப் பாத்தா அதே மாதிரிதான் வருது. அவ சொன்னது:

சிமென்ட்டுதான் நல்லது. மத்தியானத்துல மட்டும் சுடும். சாணி மெழுகினது ஈரமா இருந்தா பிடிச்சிக்கும், காஞ்சா விட்டுடும். பாய் வேணாம், பாயும் கூடவே வரும். மணல் ஆவவே ஆவாது. பாவாடைக்குள்ள பூந்துக்கினு ஒட்டிக்கும்.

வேற விசேஷம் இல்ல. மாமியாளுக்கு சளி. பொங்கல் வேலை இருக்குது.

அமலோற்பவம்


திண்டிவனம்
20.1.1995

சேசு மரி சூசை

அமலு,

நலம், நலமறிய ஆவல். உன் மாமியாளுக்குத் தூதுவளை ரசம் வச்சுக் குடு.

டப்பாவுக்கு ஏதுடி பாவாடை? விழுந்து விழுந்து சிரிச்சேன். மணல்ல உக்காந்து ஆடி ஆடி உனக்குத் துணி தோய்க்கற வேலை வச்சிருப்பா போல. எங்க பிள்ளைங்க ஒண்ணு கூட இழுக்கறதுக்கு முன்னாடி சரியா சொல்லல. பாய்தான் வழுக்கும்னு அடிச்சு சொல்லுதுங்க. இவளுக்கு எப்படித்தான் தெரிஞ்சுதோ, போ!

இப்ப மூணாவது. இதுக்கு சாமானே வேணாம். வாசல்ல வேகமா ஓடி வரச் சொல்லு. நீ கைதட்டினதும் சட்டுனு நிக்கணும். கால் நின்னாலும் உடம்பு முன்னாடி போவும் பாரு, அப்ப "என்ன ஆச்சு?"ன்னு கேளு. பஸ்ல பிரேக் போட்டா நாம முன்னாடி போய் இடிச்சுக்கறோமே, அதேதான்.

இன்னொண்ணு. ஈஸ்டருக்கு அவளுக்கு நான்தான் ஷூ வாங்கித் தரப்போறேன். நேரு வீதிக் கடையில செவப்பு கலர்ல பாத்து வச்சிட்டேன். ஒரு பேப்பர்ல அவ பாதத்த வச்சு, சுத்தி பென்சில்ல வரைஞ்சு ஜல்தியா அனுப்பு. ரெண்டு பாதமும் வரை.

ஸ்கூல் பேரு கேட்டேனே, மறந்துட்டியா?

உன் அக்கா,
இருதயமேரி


திண்டிவனம்
4.3.1995

சேசு மரி சூசை

அமலு,

இங்க சுகந்தான். அங்க என்னன்னுதான் தெரியல. மாசம் ஒண்ணுக்கு மேல ஆவுது, ஒரு வரி இல்ல. போஸ்ட்மேனப் பாத்தாலே எழுந்து நிக்கிறேன். அவன் தலைய ஆட்டிட்டுப் போறான். பிள்ளைக்கு உடம்பு சரியில்லியா? உன் வீட்டுல ஷூவுக்கு ஏதாவது சொன்னாங்களா? கோவம்னா கோவம்னு எழுதித் தொலை. வாய மூடிக்கினு இருந்தா எனக்கு பேஜாரா இருக்குது.

இந்த வாரம் வகுப்புல கயிறு இழுக்க வச்சேன். ரெண்டு பக்கமும் சமமா ஆள் பிரிச்சு விட்டேன். கயிறு அந்தாண்டையும் போவல, இந்தாண்டையும் வரல. "யாருமே இழுக்கலியா?"ன்னு கேட்டேன். "இழுக்கிறோம் டீச்சர், கை எரியுது"ன்னுதுங்க. "அப்ப ஏன் நகரல?" ஜெர்லின் சொல்றா, "அவங்களும் விடல, நாங்களும் விடல டீச்சர்." எனக்கு உன்னையும் அப்பாவையும்தான் நெனப்பு வந்துது. அன்னிக்கு மேல பாடம் நடத்தவே தோணல.

ஷூ வேணாம்னா வேணாம். ஒரு கார்டு போடுடி.

இருதயமேரி


விழுப்புரம்
18.3.1995

உ

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு முருகையன் வணக்கத்துடன் எழுதிக் கொள்வது. இங்கு அனைவரும் நலம். தங்கள் நலமும் மாமா அவர்கள் நலமும் அறிய விருப்பம்.

எனக்கு லெட்டர் எழுதிப் பழக்கம் இல்லீங்க. தப்பு இருந்தா மன்னிச்சிடுங்க.

ஆர்த்திக்கு ஒண்ணரை வயசுல காய்ச்சல் வந்துச்சுங்க. மூணாம் நாள் காய்ச்சல் விட்டுது, கால் போயிடுச்சு. போலியோன்னு சொன்னாங்க. பாண்டி பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் தூக்கிக்கினு போனோம். வலது கால் சுத்தமா இல்ல. இடது கால் கொஞ்சம் மடங்கும். கையை ஊன்றி உக்காந்தபடியே நகர்ந்து போவா. வீடு பூரா, வாசல் பூரா அப்படித்தான் போவா. ஸ்கூல்ல இன்னும் போடலீங்க.

நீங்க பாதம் வரைஞ்சு அனுப்பச் சொன்னீங்க. அமலு பேப்பர எடுத்தா. பிள்ளை காலைப் பிடிச்சு வச்சா. அப்புறம் பேப்பர மடிச்சு வச்சிட்டா. அன்னில இருந்து உங்களுக்கு எழுதல.

ஏன் சொல்லலைன்னு நீங்க கோவப்படுவீங்க. எங்க கல்யாணத்தன்னிக்கு மாமா, கோயில் வாசல்ல நின்னுக்கினு ஒரு வார்த்தை சொன்னாருங்க. "நீ பண்ண பாவத்த உன் வயித்துல பொறக்கற பிள்ளை சொல்லும்"னு. நான் அத எப்பவோ விட்டுட்டேன். கோவத்துல யார்தான் பேசல? அவ விடல. பிள்ளைக்கு இப்படி ஆனதும், உங்க வீட்டுல தெரிஞ்சா அந்த வார்த்தை நெஜம்னு ஆயிடும்னு பயந்துட்டா. நீங்களும் மனசுல அப்படி நெனச்சிடுவீங்களோன்னுதான் அவ பயம்.

நான் இத எழுதறது அவளுக்குத் தெரியுங்க. எதிர்லதான் உக்காந்திருக்கா. 

தங்கள் அன்புள்ள,
ப. முருகையன்


திண்டிவனம்
22.3.1995

சேசு மரி சூசை

அமலு,

சுகம் விசாரிக்க எனக்கு இன்னிக்கு வாய் வரல. லெட்டரப் படிச்சிட்டு ஸ்கூல் கிணத்தடிக்குப் போய் அழுதேன். அழுது முடிச்சதும் உன் மேல கோவம் வந்துது. நான் உன்ன அப்படி நெனப்பேன்னு எப்படிடி நெனச்ச? உன்ன இடுப்புல தூக்கிக்கினு திரிஞ்சவ நான்.

ஓடச் சொல்லி எழுதினேனே, ஷூ வாங்கறேன்னு எழுதினேனே, பாவி நான்! "என்னையே இழுக்கிறேன்"னு பிள்ளை உள்ளத சொல்லியிருக்கு, அத நான் ஊரெல்லாம் படிச்சுக் காட்டியிருக்கேன்.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பஸ் ஏறுறேன். சத்தியத்தப் பத்தி மாதாகிட்ட நானே பேசிக்கறேன். முருகையன் தம்பிகிட்ட சொல்லு, மண்டி லாரி வர்ற பட்டறையில பழைய பேரிங் நாலு கேட்டு வைக்கட்டும்.

உன் அக்கா,
இருதயமேரி


விழுப்புரம்
4.4.1995

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியா போய்ச் சேர்ந்தியா? பஸ்ல உக்கார எடம் கெடச்சுதா? நீ வந்துட்டுப் போனதுல இருந்து மாமியா, "உங்க அக்கா நம்ம வீட்டுல தரையில உக்காந்து கேப்பை களி சாப்ட்டுச்சே"ன்னு தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்குது.

நீ வாசல்ல நுழைஞ்சதும் அழுதுடுவன்னு நெனச்சேன். நீ அழல. நேரா அவ எதிர்ல தரையில உக்காந்து, நீயும் கைய ஊன்றி நகர்ந்து பாத்துட்டு, "யப்பா, தோள்பட்டை போவுதே! நீ எப்படிடி நாள் பூரா போற?"ன்னு கேட்டியே, அப்ப நான்தான் அடுப்பங்கரைக்குள்ள ஓடிட்டேன்.

நீ பலகையில பேரிங் மாட்டிக் குடுத்த வண்டியில இப்ப அவளுக்கு ஒரே கொண்டாட்டம். நேத்து கூடத்துல இந்தக் கோடியில இருந்து ஒரே தள்ளு தள்ளிக்கினு போனா. நிலைப்படியில வண்டி முட்டிக்கிச்சு, இவ பறந்து போய் தண்ணிக்குடத்து மேல விழுந்தா. குடம் கவுந்து கூடமெல்லாம் தண்ணி. ஆயா கத்துது. இவ என்னா சொல்றா தெரியுமா? "அது நின்னுடுச்சிம்மா, நான் நிக்கல." நீ ஓடச் சொல்லிக் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்னு எழுதச் சொன்னா. முழங்கையில சிராய்ப்பு, வேற ஒண்ணும் இல்ல.

அக்கா, ஜூன்ல அவள உன்கிட்ட அனுப்ப மாட்டேன். நீ கெஞ்சினது எனக்குத் தெரியாம இல்ல. உங்க சிஸ்டர் நல்லவங்களா இருப்பாங்க, உன் பிள்ளைங்களும் நல்லா பாத்துக்கும். ஆனா உன் வீட்டுல அப்பா இருக்காரு. அவ நகர்ந்து உள்ள வர்றதப் பாத்து அவர் ஒரு வார்த்தை சொல்லிட்டார்னா? நான் கேட்டுட்டேன், எனக்குப் பழகிடுச்சு. அவ காதுல விழக்கூடாது. இங்கயும் ஸ்கூல்ல போட பயமா இருக்குது. மொதல்ல "எப்படி ஆச்சு?"ன்னுதான் கேப்பாங்க. எனக்கு அதுக்கு பதில் சொல்ல வராது.  குழாயடியில யாராவது கேட்டாலே குடத்த அப்படியே வச்சிட்டு வந்துடுவேன்.

 

அமலு


திண்டிவனம்
10.5.1995

சேசு மரி சூசை

என் அமலுவுக்கு,

லீவு விட்டாச்சு. வெயில் கொளுத்துது. எல்லாரும் சுகம்னு எழுத ஆசை, ஆனா இங்க நடந்தது வேற.

அப்பாகிட்ட சொல்லிட்டேன். நான் உன் வீட்டுக்கு வந்தது, சத்தியத்த மீறினது, ஆர்த்தி, எல்லாம். சாப்பிட உக்காந்தவர்கிட்டதான் சொன்னேன், எழுந்து போவ முடியாதுன்னு. "எந்தக் கால்?"னு கேட்டாரு. ரெண்டும்னேன். சோத்தப் பிசைஞ்சுக்கினே இருந்தாரு, வாயில வைக்கல.

அப்புறம் எனக்கு ஆத்திரம் தாங்கல. "நீங்க அன்னிக்கு கோயில் வாசல்ல சொன்ன வார்த்தைய வச்சுக்கினுதான் அவ இத்தன வருஷமா பிள்ளைய மறைச்சு வச்சிருக்கா"ன்னு கத்திட்டேன். என்ன வார்த்தைன்னு கேட்டாரு. சொன்னேன்.

அமலு, அவருக்கு ஞாபகம் இல்லடி. நடிக்கல. எனக்கு அவர் மூஞ்சி தெரியும். "நானா சொன்னேன்? அப்படியா சொன்னேன்?"னு என்னையே பாக்கறாரு. "அன்னிக்கு நிறைய பேசினேன், எது எதுன்னு இருக்குது"ன்னாரு. உன் நெஞ்சுல எட்டு வருஷமா கல்லா கெடக்கிற வார்த்தை, அவர் அன்னிக்கு ராத்திரியே மறந்துட்டாரு போல. எனக்கு அவர அடிக்கணும்போலவும் இருந்துது, பாவமாவும் இருந்துது.

மறுநாள் பூசைக்குப் போவல. இந்த வீட்டுல நான் பாத்து அதுதான் மொத தடவை. சாயங்காலம் கூப்பிட்டு, "பிள்ளைக்கு என்ன பேரு?"ன்னு கேட்டாரு. ஆர்த்தின்னேன். அவரே ரெண்டு தரம் சொல்லிப் பாத்துக்கினாரு. "வரச் சொல்லு. இல்ல, நான் போறேன்னு சொல்லு. அமலு எது சொல்றாளோ அது"ன்னாரு.

நான் உன்ன மன்னிக்கச் சொல்லல. நடந்தத எழுதினேன். உனக்கு எது தோணுதோ செய். உன் பக்கந்தான் நான் இருப்பேன்.

இருதயமேரி


விழுப்புரம்
14.6.1995

சேசு மரி சூசை

அன்புள்ள அக்காவுக்கு,

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். உனக்கும் ஸ்கூல் தொறந்திருக்கும். ஜெர்லின் மூணாவது போயிருப்பா இல்ல?

உன் லெட்டர மூணு நாளைக்குக் கையில எடுத்துக்கினு திரிஞ்சேன். மறந்துட்டாராமா? நான் ஒவ்வொரு தரம் பிள்ளைக்குக் கால் கழுவி விடறப்பவும் அந்த வார்த்தை கேட்டுதுக்கா. அவருக்கு ஞாபகமே இல்லியாம். மொதல்ல ஆத்திரத்துல சட்டிய போட்டு ஒடச்சேன். மாமியா பயந்து போய் விபூதி வச்சிச்சு. அப்புறம், சொன்னவரே விட்டுட்டத நான் ஏன் பிடிச்சுக்கினு இருக்கேன்னு தோணுச்சு. யாரோட சண்டை போட்டுக்கினு இருந்தேன்னே தெரியல.

அப்பா வர்றதா இருந்தா வரட்டும். நான் கூப்பிட மாட்டேன், கதவையும் சாத்த மாட்டேன். ஆர்த்திகிட்ட, "திண்டிவனத்துல உனக்கு ஒரு தாத்தா இருக்காரு"ன்னு மட்டும் சொல்லி வச்சிருக்கேன். அவர் என்ன சாப்பிடுவாருன்னு கேட்டா.

திண்டிவனத்துக்கு அனுப்பலக்கா, நீ வருத்தப்படாத. பிள்ளை என்கூடவே இருக்கட்டும். திங்கக்கிழமை நம்ம தெருக் கோடி ஸ்கூலுக்கு நானே கூட்டிக்கினு போனேன். இவர் தூக்கிக்கினு வர்றேன்னாரு, அவ வேணாம்னுட்டா. பலகை வண்டியிலயே வந்தா. தெருவே வாசல்ல நின்னு பாத்துது. நான் தலையக் குனியாம நடந்தேன். எனக்கே ஆச்சரியமா இருந்துது.

ஹெட்மாஸ்டர் நல்ல மனுஷன்தான், ஆனா மொதல்ல அதையேதான் கேட்டாரு. கண்ணாடியக் கழட்டிட்டு, கீழ உக்காந்திருந்தவள பாத்துட்டு, "எப்படிம்மா ஆச்சு?"ன்னாரு. எனக்கு பழைய மாதிரியே திரும்பி நடந்துடலாமான்னு இருந்துது. ஆர்த்தி என்னை நிமிந்து பாத்துக்கினு இருந்தா. நான் என்ன சொல்லப் போறேன்னு அவளுக்கும் தெரியணும்போல.

"காய்ச்சல் வந்துது சார்"னேன். "ஒண்ணரை வயசுல காய்ச்சல் வந்துது. அதுல ஆயிடுச்சு. வேற ஒண்ணும் இல்ல சார்."

அவரும் சரின்னு பேரு எழுதிக்கினாரு.

உன் தங்கை,
அமலோற்பவம்